ஊரில் எல்லோருக்கும் போட்டாயிற்று

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆணையில் கிராம சுகாதார செவிலியர் என்று இருக்கிறது. இலுப்பஞ்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் இருந்தவர் உள்ளே திரும்பி, புது நர்சம்மா வந்துட்டாங்க என்று யாரிடமோ சொன்னார். அதுதான் என் பெயர் இனி. பூவிழி என்று கூப்பிட இங்கே யாரும் இல்லை.

தங்க இடம் கிடைத்துவிட்டது. உரக்கடை வைத்தியலிங்கம் என்பவர் வீட்டின் பக்கவாட்டில் ஓர் அறை, தனி வாசல். அவர் மனைவி தையல்நாயகி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரே பெண், மிதுனா, ஐந்தாம் வகுப்பு. நான் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அக்கா ஒரு கிண்ணத்தில் சேமியா கொண்டுவந்து தந்தார்.

எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். சென்னையெல்லாம் ஓர் ஊரா, சொந்த ஊர் எது என்றார். நான் பிறந்ததே புளியந்தோப்பில்தான், அப்பாவின் ஆட்கள் மட்டும் செய்யாறு பக்கம் என்றேன்.

"செய்யாறு பக்கம்னா, ஊர்லதானே?" என்றார்.

செய்யாறு டவுன் இல்லை, பக்கத்தில் ஒரு கிராமம். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆமாம்க்கா, ஊர்தான் என்றேன். அக்கா முகம் தெளிந்துவிட்டது. அட்வான்ஸ் வேண்டாம், நம்ம பொண்ணு மாதிரி இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேமியாவில் முந்திரி நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சப் சென்டரில், என் துணை சுகாதார நிலையத்தில், எடை பார்க்கும் தராசு சரியாக நிற்கவில்லை. அடியில் அட்டை மடித்து வைத்துச் சமாளித்தேன். பால்வாடியில் குழந்தைகளுக்கு எடை எடுத்தேன். இரண்டு கர்ப்பிணிகளைப் பார்த்தேன். ஒருத்திக்கு ரத்தம் மிகவும் குறைவு.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஷாகிரா மேடம் போனில் பேசினார். இலுப்பஞ்சேரியும் அதோடு சேர்ந்த ஒரு குக்கிராமமும் என் பொறுப்பு என்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். முதல் வாரமே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார். சரி மேடம் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், நானும் உட்கார்ந்து உரித்தேன். இங்கே ஊர் என்ற சொல் எதற்கெடுத்தாலும் வருகிறது. ஊர்க்கூட்டம், ஊர்வரி, ஊர்க்கிணறு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் இந்த ஊர்தானே என்று கேட்டேன். இல்லை, அது காலனி என்றார். அப்படியானால் அது வேறு ஊரா என்றேன். வேறு ஊர் இல்லை, இதே இலுப்பஞ்சேரிதான், ஆனால் ஊர் இல்லை என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. இந்த ஊர்ப் பெயரே சேரி என்றுதானே முடிகிறது என்றேன். அக்கா சிரித்தார்.

"பேருலதான் சேரி. இது ஊரு. சேரி அந்தாண்ட இருக்குது. இப்ப அப்படிச் சொல்லக்கூடாதாம், காலனின்னு சொல்லணும்."

அறைக்கு வந்து போனில் அகராதி பார்த்தேன். சேரி: பலர் சேர்ந்து வாழும் இடம், தெரு. ஊர்: மக்கள் வாழும் இடம். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. காலனி என்றால் எங்கள் பக்கத்தில் ஆபீசர்ஸ் காலனி, கேட் போட்டு வாட்ச்மேன் இருக்கும். அங்கே போய் வேலை செய்துவிட்டு வந்ததை அம்மா பெருமையாகச் சொல்வாள். சொற்கள் இடம் மாறினால் இப்படியா தலைகீழாக மாறும்?

குக்கிராமத்துக்கு நாளை போக வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில் அதிகம். போகவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வாய்க்கால் பாலம் வரை போனேன். செருப்பு வார் பிய்ந்துவிட்டது. திரும்பி வந்து தைக்கக் கொடுத்தேன். பாலத்தில் நின்றபோது அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயடியில் நான்கைந்து பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையைத் தூக்கி ஏதோ கேட்டாள். காற்றில் காதில் விழவில்லை.

பெரிய தடுப்பூசி முகாம் ஞாயிறன்று வருகிறது. அது முடிந்ததும் நிதானமாகப் போகலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முகாம் நன்றாக நடந்தது. விட்டுப்போன டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் ஊசியைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வைத்தியலிங்கம் அண்ணன்தான் எல்லாம் ஏற்பாடு செய்தார். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மேஜை, மின்விசிறி, வருகிறவர்களுக்கு மோர். காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார்: ஊர்மக்கள் அனைவரும் பிள்ளைகளை அழைத்து வரவும்.

மிதுனாவுக்கு வீட்டிலேயே நான்கு நாளாகச் சளிக் காய்ச்சல். அதனால் அவளுக்கு மட்டும் பிறகு போடலாம் என்று விட்டுவிட்டேன்.

மதியம் சாமான்களை எடுத்து வைக்கும்போது யாராவது பாக்கி உண்டா என்று அண்ணனிடம் கேட்டேன். "ஊர்ல எல்லாருக்கும் போட்டாச்சும்மா, ஒருத்தர் பாக்கி இல்ல" என்றார். மேடத்துக்கு அப்படியே தெரிவித்தேன். இலுப்பஞ்சேரி முடிந்தது. மேடம் பாராட்டினார்.

பெட்டியில் மருந்து நிறைய மீதி இருந்தது. ஏன் இவ்வளவு மீதி என்று ஒரு கணம் தோன்றியது. அதிகமாக அனுப்பிவிட்டார்கள் போல.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அம்மா போன் செய்தாள். சாப்பாடு, தண்ணீர், பூச்சி எல்லாம் விசாரித்தாள். வீட்டுக்காரம்மா நல்லவரா என்றாள். தங்கமானவர், தினமும் காபி தருகிறார், உள்ளே கூப்பிட்டு டி.வி. பார்க்க வைக்கிறார் என்றேன். உன்னை எதுவும் கேட்கவில்லையா என்றாள். எந்த ஊர் என்று கேட்டார், செய்யாறு பக்கம் ஊர்தான் என்று சொன்னேன் என்றேன்.

"ஊருன்னா சொன்ன?"

"ஏன்மா, கிராமம்தானே அது?"

"கிராமந்தான். ஆனா நம்மள ஊர்க்காரங்கன்னு யாரும் சொன்னதில்லம்மா. நீ இன்னா சொல்லிட்டு வந்திருக்கன்னு உனக்குப் புரியுதா, புரியலையா?"

புரியவில்லை என்றேன். அம்மா வைத்துவிட்டாள்.

அங்கே நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், தாத்தா செத்தபோது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே வீடுகள் இருந்தன. இருந்தும் நாங்கள் அந்தத் தெரு வழியாகப் போகாமல் வயல் வரப்பில் வெகுதூரம் சுற்றி நடந்தோம். ஏன் சுற்றுகிறோம் என்று கேட்டதற்கு அப்பா குறுக்கு வழி என்றார். அது குறுக்கு வழியே இல்லை. இதை இத்தனை வருடம் யோசித்ததில்லை. யோசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நாங்கள் யார் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேரும்போது, கல்லூரியில் சேரும்போது, இந்த வேலைக்கு, எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஊர் என்ற சொல்லுக்கு அதில் இடம் உண்டு என்பதுதான் தெரியாது. உண்மையாகவே தெரியாது. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒரு பெண் பத்து வயது மகளைப் பைக்கில் உட்காரவைத்து, கணவன் ஓட்ட, சப் சென்டருக்குக் கொண்டுவந்தாள். செல்லக்கிளி என்று பெயர். பிள்ளை சுடர். மூன்று நாளாகக் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை, கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்திருந்தது. பயிற்சியில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பதினேழாம் தேதி ஊசிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். செல்லக்கிளிக்குக் கோபமே இல்லை.

"அது ஊருக்குப் போட்டதும்மா. எங்களுக்கு என்னைக்குப் போடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் பாலத்துல நின்னீங்களே, கை காட்டிக் கேட்டேன். திரும்பிப் போயிட்டீங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்கப் பிள்ளையின் மூச்சு விசில் போலக் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். செல்லக்கிளி வாசலில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடவே வந்தீங்களே என்று நன்றி சொன்னாள். அதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

ஷாகிரா மேடம் வந்துவிட்டார். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இலுப்பஞ்சேரி முடிந்தது என்று சொன்னீர்களே என்று மட்டும் கேட்டார்.

"ஊர் முடிஞ்சது மேடம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்கா சொல்வது போலவே சொல்லியிருக்கிறேன். மேடம் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லையா என்றார். வெயில், மழை, செருப்பு என்று ஏதேதோ சொன்னேன். அறுந்த செருப்பை அன்றே தைத்தாகிவிட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

போனேன். பாலத்திலிருந்து அவ்வளவு பக்கம். பேசினால் கேட்கும்.

வீடு வீடாகத் தொண்டை பார்த்து, சுடரோடு கூட இருந்தவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். கேட்டதும் அந்தப் பெண் கடையில் கலர் சோடா வாங்கி வர ஆளனுப்பப் பார்த்தாள். ஊர்ல இருந்து வர்றவங்க எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்களே என்றாள். நான் ஊரில் இருந்து வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஊரில் இருந்துதானே வந்தேன், அக்கா வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு. ஒன்றும் சொல்லாமல் குடத்திலிருந்து நானே மொண்டு குடித்தேன்.

அந்த வீட்டுச் சுவரில், நீலக் கோட்டுப் போட்ட அந்தப் படம். எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் அதே படம், அதே சட்டம், மேலே அதே சீரியல் விளக்கு. நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னம்மா பாக்கிறீங்க என்றாள். ஒன்றுமில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சுடர் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறாள். அதனால் இம்முறை பெரியவர்களுக்கும் சேர்த்து இரண்டு பக்கத்துக்கும் உடனே மறுபடி முகாம், ஒரே இடத்தில் என்று மேடம் உத்தரவு. எங்கே என்பதில் பகல் முழுக்கப் போனது. வைத்தியலிங்கம் அண்ணன் மண்டபம் என்றார். அங்கே காலனி மக்கள் ஏற முடியுமா என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காலனியில் சமுதாயக் கூடம் இருக்கிறதே என்றேன். அங்கே ஊர் வராது என்றார். கடைசியில் பள்ளிக்கூட வராந்தா என்று முடிந்தது.

மைக்கில் என்ன சொல்வது என்று அடுத்த குழப்பம். ஊர்மக்கள் என்றால் அவர்கள் வர மாட்டார்கள், ஊரும் காலனியும் என்றால் இவர்கள் வர மாட்டார்கள் என்றார் அண்ணன். அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

மைக் வேண்டாம், நானே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். ஒரு கதவையும் விடவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

சுடருக்கு மூச்சுக் குழாய் போட்டிருக்கிறார்கள். இதயத்தை இரண்டு நாள் கவனிக்க வேண்டும் என்றார்களாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்தார்கள். ஊர் வடக்குப் பக்கப் படியிலும் காலனி தெற்குப் பக்கப் படியிலும் உட்கார்ந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. நடுவில் என் மேஜை. மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். தெற்கே ஓர் ஊசி, வடக்கே ஓர் ஊசி. பிள்ளைகள் அழுவது மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிதுனாவுக்கும் போட்டேன். சுடர் செத்துவிடுவாளா என்று என் காதில் கேட்டாள். இருவரும் ஒரே பெஞ்சாம்.

சாயங்காலம் செல்லக்கிளி போனில் பேசினாள். குழாயை எடுத்துவிட்டார்கள். அம்மா என்று கூப்பிட்டாளாம், குரல் தவளை மாதிரி இருக்கிறதாம். சொல்லிவிட்டு அழுதாள். நான் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, காலனியில் தண்ணி குடிச்சியாமே என்றார். தாகம் எடுத்தது என்றேன். வேலைக்குப் போகிற இடத்தில் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும், வந்து குளித்துவிட்டால் போயிற்று என்றார். எனக்காகத்தான் சமாதானம் சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. முதல் நாள் நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு என்றேன். எதைக் கேட்டேன் என்றார்.

"செய்யாறு பக்கம் ஊர்தானான்னு கேட்டீங்க. ஊர் இல்லக்கா. காலனி."

அக்கா கையிலிருந்த கீரையைப் பார்த்தார். ஆய்ந்த இலையையும் காம்பையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சொன்னதில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை. பசித்தது. பிஸ்கட் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

காபி வந்தது. அதே டம்ளர், அதே சூடு. ஆனால் மிதுனா கொண்டுவந்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று பகல் முழுக்க யோசித்தேன். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

வைத்தியலிங்கம் அண்ணன் வந்து, தன் தம்பி திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறாராம், அறை தேவைப்படுகிறது என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார். எப்போது வருகிறார் என்று கேட்டேன். சீக்கிரம் என்றார்.

செல்லக்கிளிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவள் நாத்தனார் வீடு பூட்டிக் கிடக்கிறது, வந்து இருங்கள் என்று போனில் சொன்னாள். அங்கே போனால் ஊர்க்காரர்கள் ஊசிக்கு வருவார்களா? இங்கேயே வேறு வீடு தேடினால் காலனிப் பெண்கள் பிரசவ வலிக்கு வந்து கதவைத் தட்டுவார்களா? அப்படி யோசிப்பதே ஒரு சாக்கோ என்னவோ. சப் சென்டருக்குப் பின்னால் நர்சுக்கென்று கட்டிய ஓர் அறை உண்டு. இத்தனை வருடம் யாரும் தங்கியதில்லை. சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கூட்டினேன், கழுவினேன். காலனியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து உதவினார்கள். ஊரிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து லைட் போட்டுக் கொடுத்தார், கூலி வேண்டாம் என்றார். இருட்டுவதற்குள் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டேன். கிளம்பும்போது அக்கா வெளியே வரவில்லை. ஜன்னலில் மிதுனா நின்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுடர் வீட்டுக்கு வந்துவிட்டாள். இளைத்துத் துரும்பாக இருக்கிறாள். ஓடக்கூடாது, ஒரு மாதம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னை முறைத்து, நீங்க ஏன் முதல்லயே வரல என்றாள். செல்லக்கிளி அவளை அதட்டினாள். அதட்டாதீர்கள், நியாயமான கேள்விதான் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது என்று சுடரிடம் சொன்னேன். எதுக்கு, நாங்க என்ன பண்ணுவோம் என்றாள். நீங்கள் என்னைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கண்டுபிடிக்க நீங்க எங்க ஒளிஞ்சிருந்தீங்க என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் தையல்நாயகி அக்கா வந்தார். தனியாக, தலைக்கு முந்தானை போட்டுக்கொண்டு. கால் வலிக்கு மாத்திரை வேண்டும் என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருகிறாய் என்று விசாரித்தார். பிறகு வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் தம்பி ஒண்ணும் வரல. ரூம் அப்படியேதான் இருக்குது. நீ சொன்னத நான் அவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன், வேற ஒருத்தருக்கும் தெரியாது. அவரையும் சரிக்கட்டிட்டேன். நீ ஊருன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். வந்துடும்மா. மிதுனா ராவுல தூங்க மாட்டேங்குது."

இந்த அம்மாள் எனக்காகத் தன் கணவரிடம் வாதாடியிருக்கிறார். எனக்காக ஊரிடம் பொய் சொல்லத் தயாராக இருக்கிறார். இதைவிட அன்பாக யாரும் என்னிடம் பேசியதில்லை. இதைவிட வலிக்கிற மாதிரியும் பேசியதில்லை. இரண்டும் ஒரே பேச்சில் எப்படி இருந்தன என்று இதை எழுதும்போதும் விளங்கவில்லை.

"வர்றேன்க்கா. ஆனா யாராவது கேட்டா காலனின்னுதான் சொல்லுவேன். கேக்காட்டியும் சொல்லிடுவேன்னு நினைக்கிறேன். அப்பவும் ரூம் இருக்குமா?"

அக்கா மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்தார், அவிழ்த்தார், மறுபடி முடிந்தார். வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். அந்தச் சத்தம் போகும்வரை சுவரோடு ஒட்டி நின்றார்.

"யோசிக்கணும்" என்றார் கடைசியில். பிறகு பெஞ்சின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். கால் வலி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.